மஞ்சள் கலயத்தைச் சுற்றி ஒரு வட்டம்

மார்ச் 9

யமுனாவின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. என்னைத் தவிர எல்லாருக்கும் நல்லபடியாக.

சாப்பிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பார்த்து, "இதெல்லாம் இன்னும் வேலை செய்யுதுங்களா சம்பந்தி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி மங்கம்மாவின் அண்ணன் நஞ்சப்பன் எழுந்துவிட்டார். "வாங்க, காட்றேன்" என்று சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு அழைத்துப் போனார். நான் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு தடவினேன் என்பது வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சுவரில் மூன்று வருடமாக ஒரு வட்டம் இருக்கிறது. எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். கல்யாணத்தன்று காலையில் மஞ்சள் தண்ணீர் நிரப்பிய மண் கலயத்தைக் கம்பத்தில் தொங்கவிட்டு, வாசலில் நின்று பெண்ணின் அப்பா சுட வேண்டும். கலயம் உடைந்தால், பெண்ணுக்குக் குடை பிடித்துப் பந்தல் வரை முன்னால் அழைத்துப் போவது அவர். உடையாவிட்டால் துப்பாக்கி தாய்மாமன் கைக்குப் போகும், குடையும் கூடவே போகும்.

மூத்தவள் கோமளாவின் கல்யாணத்தில் நான் சுட்டேன். ஊரே காதைப் பொத்திக்கொண்டது. புகை விலகியதும் பார்த்தால் கலயம் பாட்டுக்கு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் சுவரில், சாப்பாட்டுத் தட்டை வைத்துக் கோடு போட்டது போல, ஈயக் குண்டுகள் வட்டமாகப் பதிந்திருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை. அடுத்து மச்சான் சுட்டார். கலயம் தூள். அவர் குடை பிடித்து முன்னால் நடந்தார். நான் யாரோ கையில் திணித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அது யார் குழந்தை என்று இன்றுவரை தெரியாது.

"கலயத்துக்கு வலிக்குமேன்னு சுத்திச் சுத்தி சுட்டிருக்காரு எங்க மாப்பிள்ளை" என்று மச்சான் இன்று சம்பந்தி வீட்டாருக்கு விளக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியது நான்தான்.

பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே யமுனா, "அப்பா, எனக்குக் குடை நீதான் பிடிக்கணும்" என்றாள்.

"மழை வந்தா பாக்கலாம்" என்றேன்.

மார்ச் 16

நான் பத்தாவது பாஸ், இரண்டாவது முயற்சியில். பிழைப்பு மாவு மில். யமுனா ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறாள். நல்ல சாமானையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு மாதச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவாள். வந்தவுடன் என் சட்டைக் காலரைச் சந்தேகத்தோடு பார்ப்பாள்.

இன்று சுவரைப் பார்த்தாள். டேப் வைத்து அளந்தாள்.

"குறி தப்பியிருந்தா எல்லாம் ஒரு பக்கமா போயிருக்கும்பா. இது சுத்தி சமமா விழுந்திருக்குது. நீ நேராத்தான் சுட்டிருக்கே. குண்டு எதனால விரிஞ்சிதுன்னுதான் பாக்கணும்."

மூன்று வருடத்தில் நான் நேராகச் சுட்டதாகச் சொன்ன முதல் ஆள் இவள். கண்தான் சரியில்லை என்று நான் கண்ணாடிகூட வாங்கிவிட்டேன். அதைப் போட்டதில் சுவரிலுள்ள வட்டம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான் லாபம்.

மார்ச் 23

ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, நானும் யமுனாவும் பழைய கல்லுக்குழிக்குப் போனோம். மூன்று பக்கமும் பாறை, ஆடு மாடு வராது. குண்டு எப்படி விழுகிறது என்று பார்க்கப் பெரிய வெள்ளைத் துணி வேண்டும் என்றாள். மில்லில் தவிட்டு மூட்டைகளின் மேல் ஒரு பழைய பேனர் மூடியிருந்தது, வெள்ளையான பின்பக்கம் மேலே. அதை எடுத்துப் போய்ப் பாறையில் சாய்த்துக் கட்டினோம். நடுவில் கரியால் ஒரு புள்ளி.

இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழல் வாய் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். முதலில் கருமருந்து, அதன்மேல் ஒரு தக்கை, அதன்மேல் ஈயக் குண்டுகள், அவை கொட்டாமலிருக்க மேலே ஒரு அட்டை. ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். பிறகு பின்னால், விசை தட்டியதும் பொறி விடும் கேப்பு. வயலில் பன்றி விரட்ட நான் வெறும் மருந்தைக் கெட்டித்துச் சத்தம் மட்டும்தான் போடுவேன். குண்டு போட்டுச் சுட்டது கோமளா கல்யாணத்தன்று ஒரே தடவை. அன்றைக்கு எப்படிக் கெட்டித்ததோ அப்படியே இன்றும் கெட்டித்தேன். கை நிறைய மருந்து.

வெடித்தது. தோளில் எருமை முட்டியது போல இருந்தது. துணியில் பார்த்தால் அதே வட்டம், அதே தட்டு. கரிப்புள்ளி கல்யாணமாகாத பெண் போல நடுவில் பத்திரமாக இருந்தது.

யமுனா சந்தோஷமாகிவிட்டாள். "திரும்பத் திரும்ப ஒரே தப்பு வந்தா நல்லதுப்பா. கண்டுபிடிச்சிடலாம்."

என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு நம்பிக்கையாகப் பேசிக் கேட்டதில்லை.

மார்ச் 24

மில்லில் பெல்ட் அறுந்தது. ராகி அரைக்க வந்தவர்கள் எல்லாரும் நேற்றைய சத்தத்தைப் பற்றியே கேட்டார்கள். குருவி விரட்டினேன் என்றேன். கல்லுக்குழியில் என்ன விளைகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை.

மார்ச் 30

"ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தணும்" என்று யமுனா சட்டம் போட்டாள். நான் தக்கையை மாற்றலாம் என்றேன். தென்னை நார் உருண்டை சரியாக அடைக்காது, பக்கவாட்டில் மருந்துப் புகை புகுந்து குண்டைக் கலைக்கும் என்பது என் கட்சி. மங்கம்மாவின் பழைய ரப்பர் செருப்பிலிருந்து குழல் அளவுக்கு ஒரு வில்லை வெட்டினேன்.

வெடித்ததும் டயர் எரிந்த நாற்றம். வட்டம் அப்படியே இருந்தது. கூடுதலாக நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருந்தது. "அப்பா, நடுவுல பட்டிருக்குது" என்று யமுனா ஓடிப் போய்ப் பார்த்தாள். பட்டது செருப்பு.

அப்போதுதான் அவள் பேனரைத் திருப்பினாள். அங்கேயே நின்றுவிட்டாள். போய்ப் பார்த்தேன்.

மறுபக்கம் நஞ்சப்பன் மச்சான். ஆளுயரத்துக்கு, இரண்டு கையும் கூப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. போன வருடம் அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்குச் சங்கத்து ஆட்கள் அடித்த பேனர். குண்டுகள் அவர் தலையைச் சுற்றிச் சாமி படத்து ஒளிவட்டம் போல விழுந்திருந்தன. மூக்கு இருந்த இடத்தில் செருப்பு போட்ட ஓட்டை.

"மாமாவ செருப்பால அடிச்சிருக்கே" என்றாள் யமுனா.

"வேணும்னு அடிக்கல."

"அம்மா செருப்பு."

"அதுவும் தற்செயல்தான்."

உட்கார்ந்து சிரித்தோம். வேறு துணி கிடையாது. பழையபடி வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் கட்டினோம். நாங்கள் சுடுவது துணியின் பின்பக்கத்தை மட்டுமே என்று இருவரும் முடிவுக்கு வந்தோம்.

ஏப்ரல் 6

யமுனா கல்யாணப் புடவை எடுக்கப் போய்விட்டாள். நான் தனியாகப் போனேன். தக்கை வைத்து, குண்டு போட்டு, அட்டை வைத்து, நன்றாகக் குத்தி, குறி பார்த்து இழுத்தேன். கேப்பு மட்டும் 'டப்' என்றது. மருந்து போட மறந்திருந்தேன். உள்ளே போனதை வெளியே எடுக்க மதியம் வரை ஆனது. இதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஏப்ரல் 13

நேற்று மாலை வந்தவுடன் யமுனா, "மருந்து போட்டியாப்பா?" என்று கேட்டாள். மங்கம்மா சொல்லியிருக்கிறாள். மங்கம்மாவுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. கல்லுக்குழிக்கு இனிமேல் கதவு போட வேண்டும்.

இன்று மருந்தை மாற்றினோம். கைப்பிடி என்பது அளவே அல்ல என்றாள். இருமல் மருந்து மூடியில் கோடு போட்டிருக்குமே, அதை எடுத்துக்கொண்டு வந்தாள். என் கைப்பிடி மருந்தை அதில் கொட்டினால் மூடி நிறைந்து வழிந்தது. அதில் பாதியாக, ஐந்தாவது கோடு வரை மட்டும் எடுத்துக் கெட்டித்தோம். குண்டும் அதே கோடு. தக்கை பழைய தென்னை நார்தான். என் கட்சி தோற்றது.

சத்தம் குறைவு. தோளில் எருமைக்குப் பதில் கன்றுக்குட்டி. துணியில் வட்டத்தைக் காணோம். நடுவில் மழை பெய்தது போலக் குண்டுகள். கரிப்புள்ளியைக் காணவில்லை.

யமுனா நோட்டமிட்டுச் சொன்னாள்: "மருந்து அதிகமானா தக்கை வேகமா வந்து குண்டுக்கூட்டத்தைப் பின்னாலேர்ந்து இடிக்குது. நடுவுல இருக்கிறது எல்லாம் செதறி ஓரத்துக்குப் போவுது. அன்னைக்கி நீ ரெண்டு மடங்கு போட்டுட்டே."

"நான் எங்க போட்டேன்?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு எனக்குக் கை நடுங்குகிறது என்று மச்சான்தான் துப்பாக்கியை வாங்கிக் கெட்டித்துக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது அவருடைய கைப்பிடியை.

ஆக, மச்சானுக்குக் கெட்டிக்கத் தெரியாது. மூன்று வருடமாக ஊர் ஊராக என் மானத்தைச் சுற்றிக் காட்டிய மனிதருக்கு மருந்து அளவு தெரியாது. கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லப்போகிறேன். மில்லில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இயந்திரச் சத்தத்தில் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 20

குண்டுக்கு மேலே வைக்கும் அட்டை தடியாக இருந்தால் அதுவும் குறுக்கே நின்று குண்டைத் தள்ளிவிடுகிறது. மெல்லியதாக வேண்டும். அச்சாகி வந்த கல்யாணப் பத்திரிகைதான் சரியான கனம். ஒன்றில் வில்லை வெட்டினேன். நன்றாக வந்தது. இன்னும் சில வெட்டினேன்.

குண்டுகள் ஒன்றோடொன்று இடித்து நசுங்காமலிருக்க இடையில் மில்லிலிருந்து சோளக் குருணையைத் தூவினேன். இது என் சொந்த யோசனை. துணியில் இன்னும் நெருக்கமாக விழுந்தது. ஒவ்வொரு வெடிக்கும் குருணை கொட்டுவதால், சத்தம் கேட்டால் ஓட வேண்டிய புறாக்கள் கல்லுக்குழிக்கு வந்து வரிசையாக உட்காருகின்றன.

மங்கம்மா பத்திரிகைக் கட்டை எண்ணினாள். "ஏங்க, குறையுதே?" என்றாள். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன் என்றேன். "எந்தச் சொந்தக்காரங்களுக்கு?" புறா என்று சொல்ல முடியுமா?

மே 4

மச்சான் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு பத்திரிகை கொடுக்கப் போனோம். வாசலில் ஏறும்போதே பந்தியில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிக்கொண்டேன்.

அவர் வீட்டுக் கூடத்துக்குள் நான் போய் வெகு நாளாகிறது. சுவரில் ஒரே ஒரு போட்டோ, பெரிதாகப் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. கோமளாவுக்குக் குடை பிடித்து முன்னால் நடக்கிறார். நெஞ்சு முன்னால் வந்திருக்கிறது. பின்னால் ஓரமாக நான் குழந்தையோடு பாதி தெரிகிறேன். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் கல்யாண போட்டோ மாட்ட வேறு காரணம் கிடையாது.

பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு நீளப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். புதுக் குடை. ஜரிகை வைத்து, ஓரத்தில் குஞ்சம் தொங்கியது. பெங்களூரில் சொல்லிச் செய்ததாம்.

"பழசு கம்பி வளைஞ்சிடுச்சி. இந்தத் தடவையும் வேணும்ல மாப்பிள்ளே?" என்று சிரித்தார்.

காபி குடித்தோம். சர்க்கரை அதிகம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மங்கம்மா பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டால் தெரியாது.

மே 11

யமுனா நேற்றோடு கம்பெனி வேலையை முடித்து, இன்று சாமான்களோடு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் வருவாள் என்று இனி இல்லை. மில்லின் சல்லடை கிழிந்திருந்தது, உட்கார்ந்து தைத்தேன். அது அவ்வளவு அவசர வேலை ஒன்றும் இல்லை.

மே 18

நாளைக்குக் கல்யாணம். பின்கட்டில் சமையலுக்குக் கொட்டகை போட்டிருக்கிறது. வெயில் என்று மங்கம்மா கையில் கிடைத்ததையெல்லாம் மேலே போர்த்தச் சொல்லியிருக்கிறாள். அவள் கையில் கிடைத்ததில் அந்தப் பேனரும் ஒன்று. வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்த்தது. மச்சான் பக்கம் கீழே பார்த்தது.

மச்சான் சமையலை மேற்பார்வை பார்க்க வந்தார். அண்ணாந்தார். நான் வெங்காய மூட்டைக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"மாப்பிள்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"என் மூஞ்சி வழியா வெயிலு அடிக்குது."

சமையல்காரர் கரண்டியை நிறுத்திவிட்டார். மங்கம்மா மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். "எங்க அண்ணன் மூஞ்சியா கிடைச்சிது உங்களுக்கு?" என்றாள்.

"வெள்ளைப் பக்கம்தான் சுட்டேன்" என்றேன். சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது.

மச்சான் கோபப்படவில்லை. சட்டியைத் தாண்டிப் போய், பேனருக்கு நேர் கீழே நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தன் நெற்றியில் விழுந்த ஓட்டைகளை விரலால் ஆகாயத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நெருக்கமா விழுந்திருக்குதே. மருந்து எவ்ளோ போட்டே?"

"இருமல் மருந்து மூடியில அஞ்சு கோடு."

"குண்டு?"

"அதே அளவு."

"அதான். நான் அன்னைக்கி என் வெடிக்குப் போட்டதும் அவ்ளோதான். அதுக்கு மேல மருந்து போட்டா நடுவ காலி பண்ணி வுட்டுடும். இது எனக்கு எங்கப்பா காலத்திலேருந்து..."

அங்கே நிறுத்திவிட்டார்.

"சாம்பாருக்கு உப்பு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு என் வெடியைக் கெட்டித்ததும் அவர்தான்.

சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

மே 19

நேரம் கிடைத்தபோது எழுதுகிறேன். எல்லாரும் போய்விட்டார்கள்.

காலையில் கலயத்தைக் கம்பத்தில் கட்டியது மச்சான்தான். பட்டு வேட்டி, கக்கத்தில் புதுக் குடை. நான் துப்பாக்கியை எடுத்தபோது என் கை ஆட ஆரம்பித்தது. ஊரார், சம்பந்தி வீட்டார், வீடியோக்காரர் எல்லாரும் பார்த்தார்கள். மச்சான் பக்கத்தில் வந்தார்.

"குடு மாப்பிள்ளே. கை நடுங்குது பாரு. நான் கெட்டிச்சித் தரேன்."

வாசற்படியில் யமுனா நின்றிருந்தாள். தலையில் இருந்த பூவுக்கு முகம் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதி என்னை, கம்பெனிச் சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நடுங்கட்டும் மச்சான்" என்றேன். "நடுங்குற கையாலேயே கெட்டிக்கிறேன்."

மடியிலிருந்து மூடியை எடுத்தேன். ஐந்தாவது கோடு வரை மருந்து. கொஞ்சம் தரையில் சிந்தியது, மறுபடி அளந்தேன். தென்னை நார் தக்கை. மூடியில் அதே கோடு வரை குண்டு, இடையில் சோளக் குருணை. கடைசியில் பத்திரிகை வில்லை. வில்லையில் 'தங்கள் நல்வரவை' வரை இருந்தது. கம்பியால் ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி அழுத்தினேன். மச்சான் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் அவர்தான், "எல்லாம் தள்ளி நில்லுங்கப்பா" என்று கூட்டத்தை விலக்கினார்.

சுட்டேன். புகை விலகியபோது கம்பத்தில் கயிறும் கலயத்தின் கழுத்தும் மட்டும் ஆடின. மஞ்சள் தண்ணீர் சுவரெல்லாம் வழிந்தது. சம்பந்தி கை தட்டினார். வீடியோக்காரர், "சார், இன்னொரு தடவை" என்றார். அவருக்கு லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டதாம். எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது.

மச்சான் குடையை விரித்தார். ஒரு தடவை தலைக்குமேல் பிடித்துப் பார்த்தார். மடக்கி, மறுபடி விரித்து, என் கையில் கொடுத்தார்.

"பட்டன் கொஞ்சம் டைட்டு. அழுத்திப் பிடிச்சிக்கணும்" என்றார்.

பிடித்தேன். முன்னால் நடந்தேன். மேளம் அடித்தார்கள். யமுனா என் பக்கத்தில் வந்தாள். "அப்பா, காலர் மடிஞ்சிருக்குது" என்றாள். சரி செய்ய எனக்குக் கை ஒழியவில்லை. அவளே சரி செய்தாள். தண்ணீர்த் தொட்டி வரை அப்படியே போனோம். அவ்வளவு தூரம் நான் தனியாக, யார் குழந்தையும் இல்லாமல், முன்னால் நடந்தேன்.

தொட்டித் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். மச்சான் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி நடந்தார்.

"மச்சான், கை வலிக்குது. வந்து ஒரு கை பிடிங்க" என்றேன்.

நம்பாமல் பார்த்தார். யமுனா, "வா மாமா" என்றாள். வந்து பிடித்தார். நானும் விடவில்லை. அவர் என்னைவிட உயரம். குடை சாய்ந்து, வெயில் முழுக்க மணப்பெண் முகத்தில் விழுந்தது.

"ரெண்டு பேரும் சேந்து எனக்கு வெயில் பிடிக்கிறீங்க" என்றாள்.

மேளச் சத்தத்துக்கு நடுவில் மச்சான் என் காதுப் பக்கம் குனிந்தார். "மாப்பிள்ளே, அன்னைக்கி கோமளா கல்யாணத்துல..."

"குடைய நேரா பிடிங்க மச்சான். பொண்ணு கறுத்துடும்" என்றேன்.

அவர் குடையை நிமிர்த்தினார். பந்தியில் சொல்ல வைத்திருந்ததையும் சொல்லவில்லை. அவருக்கு இன்னொரு அப்பளம் போடச் சொன்னேன்.

வாய் வரை வந்து நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எனக்குப் பெண்ணே இல்லாமல், தங்கை பெண்கள் இரண்டு பேர் மட்டும் இருந்து, அன்றைக்கு அந்தத் துப்பாக்கியைக் கெட்டிக்க என் கையில் கொடுத்திருந்தால், மச்சான், நான் மூன்று பிடி போட்டிருப்பேன்.